வேலம்மா அளந்த புகை

எங்கள் குடியிருப்பின் பின்புறம், தண்ணீர் மோட்டாரை ஒட்டி ஓர் ஒற்றை அறை உண்டு. கட்டியவர் அதை வாட்ச்மேனுக்கென்றுதான் கட்டினார். ஆனால் வந்த வாட்ச்மேன் யாரும் நிலைக்கவில்லை. கதிரேசனும் வேலம்மாவும்தான் நிலைத்தார்கள். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக மோட்டார் போடுவது, கேட்டைப் பூட்டுவது, லாரித் தண்ணீர் வந்தால் குழாயைப் பிடிப்பது எல்லாம் அவர்கள் தலையில். வாசலில் புங்க மரத்தடியில் அவர்களுடைய இஸ்திரி வண்டி நிற்கும். கோபாலபுரத்தில் எங்கள் தெருவுக்கு வழி கேட்கிறவர்களுக்கு எல்லோரும் அந்த வண்டியைத்தான் அடையாளம் சொல்வார்கள்.

நான் தரைத்தளத்தில் இருக்கிற ஷீலா. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும், சொல்லட்டும். வேலம்மாவோடு நான் போடாத சண்டை கிடையாது. வெள்ளைப் புடவையில் கரித்தூள் விழுந்தது என்று கத்தியிருக்கிறேன், மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது என்று கத்தியிருக்கிறேன். ஆனால் குடியிருப்போர் கூட்டத்தில் யாராவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டால், அப்புறம் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

வேலம்மா கூவம் ஓரத்துக் குடிசையில் பிறந்தவள். ராயப்பேட்டையில் விறகும் கரியும் விற்கிற ஒரு விறகுத் தொட்டியில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தாள். அங்கே மூட்டைக்கரி வாங்க வந்தவன் கதிரேசன். எல்லோருக்கும் தராசு நேராக நிற்கும், அவனுக்கு மட்டும் ஒரு கை கூட விழும். முதலாளி பார்த்துவிட்டுக் கேட்டபோது, "தூள் ஜாஸ்தியா கீது, அத்த கழிக்க வேணாமா?" என்றாளாம். அந்த ஒரு கைக் கரிதான் தனக்குப் பெண் வீட்டில் போட்ட சீர் என்று கதிரேசன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிறகு ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்துவிட்டு ஜனங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வேலம்மாவின் தாய்வீட்டு ஜனம் மொத்தமும் போனது. அவர்களுடைய ஒரே மகள் தமிழ்மொழியும் கல்யாணமாகி அங்கேதான் இருக்கிறாள். "நாங்க அங்க போனா யாரு துணி குடுப்பாங்க? காத்துதான் வரும்" என்று இவர்கள் இரண்டு பேரும் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ காலைக் காப்பி குடித்திருக்கிறேன். வேலம்மா மூட்டையிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறி, தண்ணீர் தெளித்து நீட்டுவாள். கதிரேசன் தலையைத் தூக்காமல் கேட்பான், "எந்த வூட்டுது?" அவள் "மேல் வூட்டு டாக்டரம்மா" என்பாள், இல்லை "ஆழ்வார்பேட்ட வக்கீல்" என்பாள். அவன் தேய்த்து மடித்து அந்த வீட்டு அடுக்கில் வைப்பான். ஒவ்வொரு துணிக்கும் இதே கேள்வி. காலரைத் தொட்டாலே அவனுக்கு யார் சட்டை என்று தெரியும் என்பது ஊரறிந்த விஷயம்.

"தெரிஞ்சிக்கிட்டே ஏன்யா கேக்குற?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கேக்கலன்னா இவ வாயத் தொறக்கமாட்டாமா. நாள் பூரா மொறச்சிக்கினே நிப்பா" என்றான். வேலம்மா அவன் முதுகில் ஈரத்துணியால் ஒன்று வைத்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதிரேசன் தன் சட்டையை ஒருநாளும் தேய்த்துப் போட்டதில்லை. தெருவில் எல்லோரும் மடிப்புக் கலையாமல் போக, அவன் மட்டும் சுருங்கின சட்டையோடு நிற்பான். "நம்ம வூட்டுத் துணிக்குக் கரி எரிச்சா தொழில் உருப்பட்டா மாதிரிதான்" என்பான். மற்ற இஸ்திரிக்காரர்கள் எல்லாம் காஸ் பெட்டிக்கு மாறியபோதும் இவன் மாறவில்லை. கரிப்பெட்டியின் கனம் துணியில் உட்காரும், காஸ் பெட்டி மேலோடு ஓடிவிடும் என்று ஒரே பிடிவாதம்.

மிக்ஜாம் புயல் வந்ததே, அந்த டிசம்பர். தெருவில் முழங்காலளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, போன் இல்லை. வண்டிக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய் பிய்ந்து பறந்துவிட்டது. ஆழ்வார்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டுத் துணி கதிரேசன் கையில் இருந்தது. சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் மானம் போய்விடும் அவனுக்கு. மேட்டில் இருந்த அறைக்குள் மட்டும் தண்ணீர் ஏறவில்லை என்று கரிப்பெட்டியை அங்கே கொண்டுபோனான். சாரல் அடிக்கிறது, கல்யாணத் துணியில் சொட்டு விழக் கூடாது என்று கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கை வைத்து அடைத்தான். பெட்டியில் கரி தீரத் தீர அள்ளிப் போட, மூலையில் சட்டியிலும் தணல் போட்டுவைத்தான். இத்தனைக்கும் அந்தக் கல்யாணமே தள்ளிப்போயிருந்தது. அதைச் சொல்லத்தான் போன் வேலை செய்யவில்லை. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் வரும்.

வேலம்மாவுக்குத் தலைவலி வந்தது. காலையிலிருந்து டீத்தண்ணி குடிக்காததுதான் காரணம் என்று நினைத்தாள். தேய்த்த துணியை எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனவள் படிக்கட்டில் வாந்தி எடுத்தாள். காற்றுப்பட உட்கார்ந்ததும் கொஞ்சம் தேறிப்போயிற்று. அறைக்குத் திரும்பினால் கதிரேசன் துணி மூட்டைமேல் சாய்ந்து படுத்திருக்கிறான். முகம் கன்றியோ வெளுத்தோ இல்லை. நல்ல சிவப்பாக, குழந்தை முகம் மாதிரி தெளிவாக இருந்ததாம். ராத்திரியெல்லாம் தண்ணீர் இறைத்த அலுப்பு, அசந்து தூங்குகிறான் என்று நினைத்தாள். தன் புடவையை எடுத்துப் போர்த்தினாள். குளிர்க்காற்று படாமல் இருக்கட்டும் என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மற்ற வீடுகளில் புகுந்த தண்ணீரைத் தள்ளப் போய்விட்டாள்.

மறுபடி வந்து எழுப்பியபோது அவன் எழவில்லை. அவள் போட்ட அலறலில் கட்டடமே இறங்கி வந்தது. மாடியில் குடியிருக்கும் சித்தார்த்தனும் இன்னும் இரண்டு பேரும் அவனை ஒரு கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். கரியிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் முகம் அப்படிச் சிவக்கும் என்று அங்கிருந்த சின்ன வயது டாக்டர் பெண் விளக்கினாள். வேலம்மா அதைக் கேட்டுவிட்டுச் சுவரோடு உட்கார்ந்தாள்.

"நான் கதவ சாத்திட்டு வந்தேன் ஷீலாம்மா. நல்லா தூங்கட்டும்னு சாத்திட்டு வந்தேன்."

"வாய மூடு. உனக்கென்ன தெரியும்?" என்று அதட்டினேன். வேறென்ன சொல்வது?

கதிரேசன் பிழைத்தான். ஆக்சிஜன் வைத்தார்கள், கண் விழித்தான், பக்கத்துக் கட்டில்காரரின் பைஜாமாவைப் பார்த்து "இத்த யாரு தேச்சது, கண்றாவியா கீது" என்றான். அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து மரத்தடியில் நின்றான். வண்டிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்து, மின்சாரப் பெட்டி ஒன்றும் வாங்கித் தந்தோம். முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தான். கரிப்பெட்டி வண்டிக்கு அடியில் சாக்குக்குள் போயிற்று.

கதவைச் சாத்தியதை அவனிடம் சொன்னாயா என்று வேலம்மாவைக் கேட்டேன்.

"சொல்லணும். நல்லா தேறட்டும்மா. பொங்கலுக்கு அப்பால சொல்லிக்கிறேன். 'அறிவு கீதா உனுக்கு'ன்னு தெருவே கேக்கறா மாதிரி கத்துவாரு" என்று சிரித்தாள். கதிரேசனுடைய திட்டு எல்லாம் அந்த மூன்று வார்த்தையில்தான் தொடங்கும்.

பொங்கல் வந்தது. மேல் வீட்டு டாக்டரம்மாவின் புடவை வக்கீல் வீட்டுக்குப் போயிற்று. கதிரேசன் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் தேய்க்கிற கை பாதியில் நின்றது. ஒரு வேட்டி கருகிப்போனது. அப்புறம் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான். அப்புறம் நாற்காலியை விட்டு எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போனான். பேச்சு நின்றது. ஊட்டினால் விழுங்குவான், அவ்வளவுதான். வேலம்மாவைப் பார்க்கிற பார்வையும் மோட்டாரைப் பார்க்கிற பார்வையும் ஒன்றாகிவிட்டது.

மறுபடியும் ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் பெண். சிலபேருக்கு இப்படித்தான் ஆகும் என்றாள். தேறிவிட்டார்கள் என்று நாம் நினைக்கிற நேரத்தில், சில வாரம் கழித்து மூளைக்குள் ஓடுகிற நரம்பிழைகளின் மேலுறை கெட்டுப்போகும். ஒரு வருஷத்துக்குள் திரும்பி வருகிறவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. இன்ன மருந்து என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள்.

மகள் வந்து கூப்பிட்டாள். வேலம்மா மறுத்துவிட்டாள். இந்தத் தெருவும் இந்த மரமும்தான் அவருக்குத் தெரியும், திரும்பி வரும்போது புது இடமாக இருந்தால் பேஜாராகிவிடுவார் என்றாள். திரும்பி வரும்போது என்றுதான் சொன்னாள். அவனைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மரத்தடிக்கு இழுத்துவந்து, பக்கத்தில் நின்று தனியாகவே தேய்த்தாள். ஒவ்வொரு துணியை உதறும்போதும் "இது வக்கீலு… இது டாக்டரம்மா" என்று அவளாகவே சொல்லிக்கொள்வாள். நான் காப்பியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

"அவரு என்ன ஒரு தபா திட்டணும்மா" என்றாள் ஒருநாள். "நான் சொல்லணும், அவரு திட்டணும். அப்பால எனுக்கு ஒண்ணும் வேணாம்."

சித்தார்த்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நரம்பு நோய்களைப் பற்றி எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவன். நல்ல பையன், ஆனால் கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் பாடம் நடத்துவான். ஆடி மாசத்தில் ஒரு காலை, சட்டைகளைக் கொடுக்க இறங்கி வந்தவன் கதிரேசனைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஆன்ட்டி, ஒரு விசித்திரம் தெரியுமா? இவரைக் கெடுத்த இதே வாயுவை நம்ம உடம்பே தினமும் உண்டாக்குது. பழைய ரத்தம் சிதையும்போது துளித்துளியா வருது. மூளையில நரம்புக்கு நரம்பு சேதி சொல்றதுக்கு அது உதவுது. ரொம்பக் குறைஞ்ச அளவு குடுத்தா மூளை வீக்கம் அடங்குது, பக்கவாதம் வந்த எலிக்கு நரம்பு கொஞ்சம் பிழைக்குது. இதை மருந்தா மாத்த முடியுமான்னு பல இடத்துல பாத்துக்கிட்டு இருக்காங்க."

தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வேலம்மாவின் கை நின்றது.

"அதே பொகையா தம்பி?"

"புகை இல்லக்கா, அதுல இருக்கற வாயு. அளவுதான் எல்லாமே. இன்னும் மனுஷங்களுக்குன்னு எதுவும் வரலை. அதுவும் ஏற்கெனவே அதனால பாதிக்கப்பட்டவங்களுக்கு இல்ல."

"கொஞ்சமா குட்தா நல்லது, ஜாஸ்தியா போனா கெட்தல். அப்டிதானே?"

"எலிக்குச் சொன்னேன்கா. கரிப்புகையில அளவெல்லாம் யாராலயும் பார்க்க முடியாது."

நான் அவன் முழங்கையைக் கிள்ளி மாடிக்கு அனுப்பினேன். எலிக்குப் பேசுவதை எலியிடமே போய்ப் பேசு என்று சொன்னதாக ஞாபகம். ஆனால் வேலம்மா தனக்கு வேண்டியதைக் காதில் வாங்கியாகிவிட்டது. அளவு பார்க்க முடியாது என்று கரி அளந்த ஒருத்தியிடம் சொன்னால் அவள் கேட்பாளா?

நாலைந்து நாள் கழித்து, மத்தியானத்தில் எனக்குத் தேங்காய்ச் சிரட்டை எரிகிற வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். வேலம்மா துணி துவைக்கிற கல்லருகே குந்தி, கரிப்பெட்டியில் தணல் ஊதிக்கொண்டிருந்தாள். மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்தேன். என் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது உறைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அதற்குள் அவள் பெட்டியோடு உள்ளே போயிருந்தாள், அறைக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. காலால் உதைத்துத் திறந்தேன். நாற்காலியில் கதிரேசன். நடுவில் செங்கல்மேல் கரிப்பெட்டி, மூடி திறந்தபடி. அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் வேலம்மா, இரண்டு கையையும் நெற்றிப் பொட்டில் வைத்துக்கொண்டு.

"என்னடி பண்ற? என்ன பண்ற நீ?"

"கொஞ்சம்தாம்மா. நாலு துண்டு கரிதான் போட்டேன். ஜன்னல் தொறந்துதான் கீது." அவள் குரல் அமைதியாக இருந்தது. "அன்னிக்கு எனுக்குத்தான் மொதல்ல தலை நோவு வந்துச்சு. இப்பவும் எனுக்குத்தான் மொதல்ல வரும். வந்தா உடனே கதவத் தொறந்துடுவேன். அதுக்குத்தான் நானும் கூட குந்திக்கினு கீறேன்."

தன் தலையையே தராசாக வைத்திருந்தாள். நான் அவளை அறைந்தேன். வாழ்க்கையில் யாரையும் அறையாதவள் நான். அறைந்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இது மருந்தில்லடி, விஷம். அதே விஷம். உன்னையும் கொண்டுபோயிருக்கும், அவனையும் கொண்டுபோயிருக்கும். எடுத்துட்டுப் போ வெளிய!"

அவள் பெட்டியை மூடி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, வெளியே நடந்தாள். தணலைக் கொட்ட மனசு வரவில்லையோ, பழக்கமோ, நேரே போய் மரத்தடியில் வண்டிமேல் வைத்தாள். வைத்துவிட்டு வண்டியில் தலையைச் சாய்த்து நின்றாள். நானும் அவள் பின்னாலேயே வந்திருந்தேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் கால் தேய்கிற சத்தம் கேட்டது.

கதிரேசன் எழுந்து வந்துகொண்டிருந்தான்.

சுவரைப் பிடித்து, கேட்டைப் பிடித்து, சின்னச் சின்ன அடியாக வந்தான். யாரையும் பார்க்கவில்லை, பெட்டியை மட்டும் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் தன் இடத்தில் போய் நின்றான். கைப்பிடியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிச் சாம்பலைத் தட்டினான். ஈரச்சாக்கில் அடியைத் துடைத்தான். பிறகு தலையைத் தூக்காமல் இடது கையை நீட்டினான்.

அவனுக்குக் கொடுக்க அங்கே ஒரு துணி இல்லை. காலையிலேயே எல்லாவற்றையும் தேய்த்துக் கொடுத்தாகிவிட்டது. வேலம்மா சுற்றிலும் பார்த்தாள். கொடியில் அவனுடைய நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் உருவி, உதறி, தண்ணீர் தெளித்து நீட்டினாள். அவள் அவசரத்தில் தெளித்த தண்ணீர் என்மேலும் விழுந்தது.

"எந்த வூட்டுது?" என்றான்.

இத்தனை மாசத்தில் முதல் பேச்சு. நான் புங்க மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம வூட்டுது" என்றாள் வேலம்மா. "நம்ம வூட்டுதுதாங்க."

அவன் தேய்த்தான். மெதுவாக, ஆனால் சுருக்கம் இல்லாமல். காலர், தோள், கை, பிறகு முதுகு. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரி எரித்துத் தன் சட்டையைத் தேய்த்தான். வேலம்மா எதிரே நின்று அவன் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த ஆசையை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தாங்க" என்று ஆரம்பித்தாள். "அன்னிக்கு மழைல கதவ சாத்தனது நான்தாங்க. நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சி சாத்திட்டுப் போயிட்டேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அறிவு கீதா உனுக்கு என்ற மூன்று வார்த்தைக்காகத்தான். நானும் காத்திருந்தேன்.

கதிரேசன் சட்டையை மடித்து முடித்தான். மேலே ஒருமுறை கையால் தடவினான். வாடிக்கை வீட்டு அம்மாக்களுக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் நீட்டினான்.

"அதனால இன்னாமா, பரவால்ல" என்றான். "பாத்து எடுத்துனு போங்க. சூடா கீது." வேலம்மாவை அவன் ஒருநாளும் 'போங்க' என்று சொன்னதில்லை.

வேலம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "சரிங்க" என்றாள்.